மூன்று ரீச்சரும் ஒரு தட்டு அரிசியும்

பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிறவர்களுக்கு நாட்டின் ஆசிரியர் கணக்கை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கழுவ வருகிற கோப்பிக் கோப்பைகளே சொல்லிவிடும். தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோவில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்புறச் சந்திலிருந்த ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் துடைப்பம் பிடித்தேன். தமிழ்ப் பெற்றோர் வந்தால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். சம்பளம் துடைப்பத்துக்கு மட்டும். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள், உங்களுக்குப் புரியும்.

கதிரைப் பஞ்சம்

முன்பெல்லாம் ஒரு வகுப்புக்கு ஒரு ரீச்சர். பிறகு சட்டம் மாறி, இரண்டு வகுப்புக்கு மூன்று ரீச்சர் என்றானது. அதே நேரம் பார்த்து இத்தாலிய வீடுகளில் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டார்கள். இருந்தவர்களும் பழைய நகரை விட்டுப் புது மாடி வீடுகளுக்குப் போனார்கள். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் தேய, ரீச்சர்மார் வளர்ந்தார்கள். வாசலில் மணி அடிக்கும் கொன்செத்தா என்னிடம் சொன்னாள்: "வகுப்பில கதிரை மிச்சம், ரீச்சர்மாரின் அறையில கதிரை இல்லை. பேசாமல் ரீச்சர்மாரை வகுப்பில இருத்தி, அவர்களுக்குப் பிள்ளைகளையே படிப்பிக்க விடலாம்."

எந்த ரீச்சர்?

செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மா வீட்டில் சமையல். மூத்த மகளைப் பற்றிக் கேட்க வந்தார். மகள் கெட்டிக்காரி என்றார் கணக்கு ரீச்சர். வாயே திறக்கிறாள் இல்லை என்றார் மொழி படிப்பிக்கும் ரொசாலியா. வாயை மூடினால்தானே என்றார் சரித்திர ரீச்சர். மூன்றையும் நான் மூச்சு வாங்க மொழிபெயர்த்தேன். அவர் பவ்வியமாகக் கேட்டுவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "அக்கா, இதிலை பிள்ளைக்கு அடிக்கிற ரீச்சர் ஆர்? அவவோடை மட்டும் கதைச்சாப் போதும்."

வராத பிள்ளைகள்

பள்ளி தொடங்கும் ஒரு செப்டெம்பரில் சிரிப்பு அடங்கியது. முதலாம் வகுப்பு இரண்டிலும் பிள்ளைகள் போதவில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் ரொசாலியாவின் இடம் போய்விடும். பக்கத்து ஊரான பகேரியாவுக்கும் அப்பால் எங்கேயாவது அனுப்புவார்கள். படுக்கையில் கிடக்கும் தாயை விட்டுவிட்டுத் தினமும் ரெயிலும் பஸ்ஸுமாக அவரால் எப்படிப் போய்வர முடியும்? நான் வாளி வைக்கும் அறையில் நின்று அழுதார். எனக்கும் தாங்கவில்லை. பெயர் பதிந்த தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இன்னும் வரவே இல்லை. அவர்கள் வந்தால் வகுப்புத் தப்பும்.

செல்வரத்தினம் வீட்டுக்கு ஓடினேன். அவருடைய இளையவன் சுதனும் வராதவர்களில் ஒருவன். மூத்தவளுக்கு ஊரிலேயே ஏடு தொடக்கி, ஐயர் கைபிடித்து முதல் எழுத்து எழுதுவித்தாயிற்று. இங்கே பிறந்தவர்களுக்கு ஐயர் கிடைக்காமல் தள்ளிக்கொண்டே போய், இந்த வருடம்தான் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருந்தார். நானோ மாதா கோயிலுக்குப் போகிற மன்னார் வேதக்காரி. சரஸ்வதியோடு வாதாட எனக்கு வாய் ஏது? அவர் ஆறுதலாகச் சொன்னார்: "விஜயதசமிக்கு முன்னம் பிள்ளையள் எழுத்துத் தொடப்படாது, அக்கா. ஜெர்மனியிலை இருந்து ஐயர் வாறார். பள்ளிக்கூடம் எங்கை ஓடப்போகுது?"

கை கட்டிய வரிசை

பள்ளிக்கூடம் ஓடாது, ரீச்சர்தான் ஓடவேண்டி வரும் என்று விளக்கினேன். பென்சில் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் இறங்கி வந்தார். மற்ற வீடுகளும் பின்னால் வந்தன. ரொசாலியா உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் மற்ற இரண்டு ரீச்சர்மாருக்கும் சொல்ல மறந்துவிட்டார். கணக்கு ரீச்சர் பென்சிலை நீட்ட, சுதனும் கூட்டாளிகளும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். தலைமை ஆசிரியர் தலை எண்ண வந்தது அந்த நேரம்தான். எண்ணி முடித்து, வகுப்பு இரண்டும் இருக்கும் என்றார். பிறகு அந்த வரிசையைப் பார்த்து உருகிப்போய்ச் சொன்னார்: "இவ்வளவு ஒழுக்கமான பிள்ளைகளை இந்தப் பள்ளிக்கூடம் கண்டதில்லை!"

ஐயர் வராத விஜயதசமி

ஐயருக்குப் பயணப் பேப்பர் சரிவரவில்லை. வரமாட்டார் என்று போன் வந்தது. விஜயதசமிக் காலையில், வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட செல்வரத்தினம் அரிசித் தட்டுகளோடும் பிள்ளைகளோடும் பள்ளிக்கூட வாசலில் நின்றார். ஐயர் இல்லாவிட்டால் படிப்பிக்கிறவர் கையால் தொடக்கலாம் என்றார். நான் தாளில் 'அ' எழுதிக் காட்டினேன். ரொசாலியா சுதனின் விரலைப் பிடித்து அரிசியில் அதை இழுத்தார், கோணலாகத்தான் வந்தது. அவர் கண் கலங்கியது, எனக்கும்தான். மற்ற இரண்டு ரீச்சர்மாரும் ஆளுக்கொரு தட்டோடு குந்திவிட்டார்கள். அப்படியும் வரிசை நகரவில்லை. மற்றப் பிள்ளைகளோடு பின்னால் நின்ற செல்வரத்தினம் பொறுமை இழந்தார்: "ரீச்சர்மார் கூடிப்போச்சினம் எண்டு ஆர் சொன்னது? இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடுங்கோ அக்கா, நான் வேலைக்குப் போகவேணும்!"

இரண்டு வகுப்புக்கு மூன்று ரீச்சர் என்று சட்டம் போட்ட நாடு, மூன்று ரீச்சர் சிந்தும் அரிசிக்கு எத்தனை துடைப்பக்காரி என்று மட்டும் கடைசிவரை சட்டம் போடவில்லை.