அணைக்கக் கூடாத கணினி

பெங்களூரில் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நூலக மாடியில் மாணவர்களுக்கான கணினி அறையும் என் பொறுப்பில்தான் இருந்தது. யாரும் விளையாட்டுகளை ஏற்றிவிடக் கூடாது என்று அந்தக் கணினிகளில் ஒரு மென்பொருளைப் போடச் சொன்னேன். அணைத்துப் போட்டால் மாணவர்கள் சேமித்ததெல்லாம் அழிந்து, கணினி பழையபடி ஆகிவிடும். வைரஸுக்குப் பயந்து பென் டிரைவுக்குத் தடை, மெயிலுக்கும் தடை. இதையெல்லாம் பெரிய நிர்வாகத் திறமை என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் லேப்டாப் இல்லாத பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திரையை மட்டும் அணைத்துவிட்டு, கணினியை ஓடவிட்டு, 'ஆஃப் பண்ணாதீங்க' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்த இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் ப்ராஜெக்ட் முழுவதையும் இப்படித்தான் ஜன்னலோரக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ அந்த மெஷினுக்கு ரேஷன் கார்டே வாங்கிட்டா சார்" என்பாள் அவள் தோழி.

"உனக்கென்னடி, வீட்ல ரெண்டு லேப்டாப். பேசுவ."

நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சீட்டின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வரவிருந்தது. முந்தின நாள் மாலை, அறை அழகாக இருக்க வேண்டும் என்று சீட்டுகளை நானே கிழித்தேன். மெயின் சுவிட்சில் கை வைத்தபோது அவள் நினைவு வந்தது. வந்தும் அணைத்தேன்.

குழு போன பிறகு அவள் ஓடி வந்தாள். "சார், என் ஃபைல் காணோம் சார். சீட்டு ஒட்டியிருந்தேனே!"

"ரூல்ஸ் போர்டு மாட்டியிருக்கில்ல? படிக்கத் தெரியாதா?" என்றேன்.

அன்றே அவள் துறைத் தலைவர் போன் செய்தார். "லைப்ரரி பக்கம் ஏதாவது ப்ராப்ளமா சார்? அப்படின்னா சொல்லுங்க, அந்தப் பொண்ணுக்கு ஒரு வாரம் டைம் குடுக்கறேன்."

"இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவ ஒழுங்கா சேவ் பண்ணல" என்றேன்.

சற்று முன்புதான் குழு என் கணினி அறையைப் பாராட்டிவிட்டுப் போயிருந்தது. அந்தப் பாராட்டை விட மனமில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ப்ராஜெக்ட் இல்லாமல் அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. பட்டத்தை நம்பி வேலைக்கு எடுத்திருந்த கம்பெனியும் அவளைக் கைவிட்டது.

நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க வந்தாள். முகத்தைப் பார்க்காமலே, "அடுத்த வருஷம் முடிச்சிடலாம்மா" என்றேன்.

"எதுல சார் டைப் பண்றது?"

குத்திக்காட்டவில்லை, வழி இருக்கிறதா என்று நிஜமாகவே கேட்டாள். இறுதியாண்டு வகுப்புகள் முடிந்து போன மாணவர்களுக்குக் கணினி அறையில் அனுமதி கிடையாது. அதுவும் நான் வைத்த விதிதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவளுடைய நூலக அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.