மாமனார் பார்க்காத கடல்

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் குடும்பத்தோடு போனோம். கள்ளக்குறிச்சியைத் தாண்டி அதிகம் போகாத என் மாமனாரையும் அழைத்துச் சென்றோம். மேல்தளத்துக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளாததால் அறையிலேயே இருந்தார். அது ஜன்னல் இல்லாத அறை.

அவருக்குக் கைநடுக்கம் உண்டு. சாப்பிடும்போது சட்டையிலும் மேசையிலும் சிந்தும். நாலு பேர் முன்னால் கூச்சப்படுவாரே என்று, ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு போய் அறையில் கொடுத்தேன்.

"உனுக்கு ஏம்மா செரமம், நானே வரனே" என்பார். எனக்காகச் சொல்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் காலையில் அறையைக் காலி செய்யச் சொன்னதால், அவரையும் கூடத்துக்கு அழைத்துப் போனேன். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. ஆனால் கப்பல் துறைமுகத்துக்குள் வந்துவிட்டிருந்தது. வெளியே கிரேன்களும் கன்டெய்னர்களும்தான் தெரிந்தன.

"இன்னாம்மா, இங்க குந்திக்கினுதான் எல்லாரும் கடல பாத்துக்கினே துன்னீங்களா?"

"ஆமாங்க மாமா."

"என்னியும் ஒரு வேள இட்டாந்திருக்கலாமே."

சாம்பாரைச் சிந்தியபடியே இட்லி சாப்பிட்டார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூச்சம் எனக்குத்தான் இருந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது.

இப்போதெல்லாம் அவரைக் கேட்காமல் அவருக்காக எதையும் முடிவு செய்வதில்லை. போன மாதம் கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாணம். "பந்தியில உக்காரலாங்களா மாமா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள், அவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

– ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி