மழையில் பாவு போடும் காட்சி

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதச் செவ்வாய்க்கிழமை. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்திருந்த சென்னைப் படத் தயாரிப்பாளருக்கு, நான் மூன்று வருடமாக எழுதிய திரைக்கதையைச் சொல்ல வாய்த்தது. பட்டுக் கடைக்காரரான என் நண்பர்தான் தன் கடையிலேயே ஏற்பாடு செய்தார். மூன்று மணிக்கு ராகுகாலம். கதை பிடித்தால் அதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றி முடிவு செய்துவிடுவதாகத் தயாரிப்பாளர் சொல்லியிருந்தார்.

இரண்டேகாலுக்கு ஆரம்பித்தேன். என் கண் அவர் முகத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்குமாக அலைந்துகொண்டே இருந்தது. இரண்டே முக்காலுக்கு முடித்ததும் அவர் தொடையைத் தட்டினார்.

“நல்லா இருக்குதுபா, எடுத்துக்கறேன். அந்தப் பொண்ணும் பையனும் தெருவுல பாவு போடற இடத்துல மட்டும் மழை வெச்சிக்கலாம்.”

“மழையில பாவு போட மாட்டாங்க சார்.”

“சினிமாவுல போடுவாங்க.”

நான் விடவில்லை. பாவு போட, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளைச் சீர்படுத்த, பட்டிழையைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும்போது நாலு தூறல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை, எந்த வருடம், எந்த மாதம், எந்தத் தெருவில் அப்படி ஆனது என்பதோடு விளக்கிக்கொண்டே போனேன். நண்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“பெய்ஞ்சிட்டுப் போவட்டும்னு சொல்லேன்பா! உன் வூட்டுப் பாவா நனையுது?”

கடிகாரம் மூன்று அடித்தது. தயாரிப்பாளர் எழுந்தார்.

“பெய்யட்டும் சார்” என்றேன்.

“நேரம் போயிடுச்சேபா” என்றபடி அவர் வாசலில் செருப்பைத் தேடினார்.