வசந்தா சொல்லும் முதல் வரி

போன வாரம் ரேணிகுண்டா ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வசந்தா சிரித்தாள்.

"போடுங்கண்ணா, அவ மூளை துன்னட்டும்."

டாக்டர் வசந்தா. திருப்பதியில் என்னோடு கல்லூரியில் படித்தவள். சொந்த ஊர் பிச்சாட்டூர்ப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து படிக்க வைத்தார்கள். இப்போது பெங்களூரில் மூளை ஆராய்ச்சியாளர்; வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை.

மூளைக்குச் சாப்பாடு சர்க்கரைதான். எந்தப் பகுதி அதை எவ்வளவு செலவழிக்கிறது என்று ஸ்கேனில் பார்க்கலாம். வேலை செய்யும் இடம் பளிச்சென்று தெரியும், சோர்ந்த இடம் மங்கும். அந்த மங்கலைப் படிப்பதுதான் இவள் வேலை. "அதுக்கு மருந்து இருக்குதா?" என்று ஊரில் கேட்பார்களாம். பெரும்பாலும் இல்லை என்பாள். அப்புறம் எதற்கு இந்தப் படிப்பு?... அவளுக்கே அந்தச் சந்தேகம் உண்டு. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறாள்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு சண்டை. அண்ணன் சேகர் ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். அவர் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் அம்மா எட்டி, சம்பந்தியம்மாவின் இலையில் இருந்த லட்டை எடுத்துத் தின்றுவிட்டார். தடுத்த மருமகளைச் சபை நடுவே கெட்ட வார்த்தையில் ஏசினார். அதிர்ந்து பேசியே பழக்கமில்லாத அம்மா!

வேண்டுமென்றே மானத்தை வாங்கிவிட்டார் என்று சேகர் பேச்சை நிறுத்தினார். இரண்டு வருஷம் அம்மா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வசந்தாவும் அதை மாமியார்-மருமகள் சண்டை என்றுதான் நினைத்தாள். வீட்டுக்கு வந்தால் யார்தான் விஞ்ஞானியாக இருக்கிறோம்?

பிறகு பெரியம்மா இறந்துபோனார். அம்மாவுக்கு உயிருக்கு உயிரான அக்கா. சாவு வீட்டில் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை... சோறு எப்போது போடுவார்கள் என்று கேட்டார். அப்போதுதான் வசந்தாவுக்கு உறைத்தது. இந்த மாதிரி ஆட்களின் படங்களைத்தானே இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். நரம்பு டாக்டர் பார்த்தார், சோதனைகள் நடந்தன, கடைசியில் ஸ்கேன். மூளையின் பின்பக்கம் பளிச்சென்று இருந்தது. முன்பக்கம் மங்கிக் கிடந்தது. இங்கிதம், இரக்கம், அடக்கம் எல்லாவற்றுக்கும் வேண்டிய பகுதி. வேறு யாருடைய படமாக இருந்திருந்தாலும் அரை நிமிஷத்தில் படித்திருப்பேன், அன்று திரையைப் பார்க்கவே முடியவில்லை என்றாள்.

படத்தை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே காட்டினாள். வெளிச்சம் எது, மங்கல் எது, ஏன் என்று விளக்கினாள். சேகர் படத்தை வாங்கி அந்த மங்கலைத் தடவிப் பார்த்தாராம்.

"அப்போ அம்மா வேணும்னு பேசலியா?"

"இல்லண்ணா. அவங்களால அடக்க முடியல."

"இத்தினி நாளா நோவு மேலயா கோச்சிக்கினு இருந்தேன்?"

மருந்து உண்டா என்று அடுத்துக் கேட்டார். குணமாக்கும் மருந்து இல்லை என்றாள். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணி உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "வாங்க, போய் அத்தைய இட்டுக்கினு வந்துடலாம்" என்றார்.

அம்மா இப்போது அவர்களோடுதான் இருக்கிறார். மருமகளை இன்னமும் ஏசுகிறார். அண்ணி சில நாள் சிரிக்கிறார், சில நாள் அடுப்படியில் போய் அழுதுவிட்டு வருகிறார். நோவு என்று தெரிந்துவிட்டால் வலிக்காமல் போய்விடுமா என்ன?

வசந்தா வேலையை விடவில்லை. ஆனால் ஒன்றை மாற்றிக்கொண்டாள். டாக்டர்களிடம் அனுமதி கேட்டு, இப்படிப்பட்ட நோயாளிகளின் வீட்டாரைத் தன் அறையில் உட்காரவைத்துப் படத்தைக் காட்டுகிறாள். நோயின் பெயரெல்லாம் பிறகுதான். முதலில் அவள் சொல்வது ஒரே வரி —

"அவங்களுக்கு உங்க மேல கோவம் இல்லீங்க."

எந்த ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் அச்சாகாத வரி.