கோமதி அக்காவின் அட்டைக்கட்டு

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பிழையும் வரும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஆடிக்காற்று என் கடையின் பொட்டலக் காகிதங்களைத் தெருவெல்லாம் இறைத்தது. பொறுக்கக் குனிந்தபோது, சிறுவயதில் சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் குனிந்தது நினைவுக்கு வந்தது.

பெரியப்பா மகள் கோமதி அக்கா மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்தாள். கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதை அப்போது அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்திக் கொடுப்பார்கள். வரிசை மாறினால் வேலை நடக்காது. லீவு முடிந்து கிளம்பும்போதே பெரியப்பா சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் இந்த அட்டைக்கட்டு கம்ப்யூட்டர்ல ஓடலைன்னா படிப்பு போதும், கல்யாணந்தான்."

பிளாட்பாரத்தில் அட்டைக்கட்டின் ரப்பர் அறுந்தது. காற்று எல்லாவற்றையும் எலுமிச்சை மூட்டைகள்மேல் வீசியது. ஓடி ஓடிப் பொறுக்கினோம்.

"சீட்டைக் கலைச்சாச்சு, முதல்ல யாருக்குப் போடணும்?" என்று சிரித்தார் மூட்டைக்கார அண்ணாச்சி.

பெரியப்பா சிரிக்கவில்லை. "எல்லாம் போச்சா மக்கா?"

"போகலைப்பா. அட்டை விளிம்பைப் பாருங்க."

அடுக்கின் மேல்விளிம்பில், மூலைக்கு மூலை சாய்வாகச் சிவப்புக் கோடு இழுத்திருந்தாள். கோடு சேர்ந்தால் வரிசையும் சேர்ந்துவிடும்.

செங்கோட்டை வண்டி ஊதும்போது பெரியப்பா தரையில் சம்மணமிட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். "ஏட்டி, இது இங்கன வருதுல்லா?" கடைசி அட்டையைச் செருகி, துண்டைக் கிழித்துக் கட்டி, வண்டி ஏறிவிட்ட அக்காவிடம் ஜன்னலில் நீட்டினார்.

"ஓடலைன்னா மறுபடியும் போட்டுப் பாரு, மக்கா."

மெட்ராஸில் அந்த அட்டைக்கட்டு ஓடியது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வர ஆரம்பத்திலேயே உழைத்தவர்களில் அக்காவும் ஒருத்தி. இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, இன்று மத்தியானம் என் செல்போனுக்குத் தமிழில் அனுப்பியிருந்தாள்: "நீ கூச்சப்படாம எழுதுலே, பிழையை நான் பாத்துக்கிடுதேன்."

எழுதிவிட்டேன். ஆடி பத்தொன்பது, சனிக்கிழமை.