பாறையில் ஒரு வெள்ளைக் காளை

எனக்கு நான்காம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. எழுத்து கோணல்மாணலாக வரும்; பெயர்கள் மறந்தும் போகும். வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரமும் கொஞ்சம்...

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மீனாவுக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. ஸ்பெயினில் அல்பராசின் என்ற சின்ன மலை ஊரில், ஒரு விடுதிச் சமையலறையில் அவளுக்கு வேலை. அந்த ஊர்க்காரர் பாப்லோவைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாள். 'வேண்டாம்' என்ற சொல்லை நான் தயாராக வைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஆள். எப்படி நம்புவது?

இங்கே பர்மாவில், எங்கள் பேட்டை பசுந்தாங்கில் அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. மாடி வீட்டுப் பர்மிய அம்மா டோ கின் பேட்டரி வைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அமே, பதில் அப்புறம். மொதல்ல ஊரப் பாரு" என்று வீடியோ காலில் வந்த மீனா போனைத் திருப்பினாள். பர்மியப் பழக்கம் — அம்மாவை 'அமே' என்றுதான் கூப்பிடுவாள்.

என்ன சொல்ல! மலையே வீடாக முளைத்தது போலிருந்தது. மண் என்ன சிவப்போ, சுவரும் அதே சிவப்பு. சந்துக்கு மேலே எதிரெதிர் மாடிகள் நெருங்கி நிற்கின்றன — இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்குக் குழம்புக் கிண்ணம் நீட்டலாம். ஊருக்கு மேலே முதுகெலும்பு மாதிரி பழைய கோட்டைச் சுவர். கீழே ஊரைச் சுற்றி வளைந்தோடும் ஆறு. கரை மரங்களெல்லாம் பகோடாவில் ஒட்டும் தங்கத் தாளாக மின்னின. மீனாவும் பாப்லோவும் நின்ற இடத்துக்கும் கீழே கழுகுகள் பறந்தன!

"நிஜ ஊரா இது, வரைஞ்சதா?" என்றார் டோ கின்.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்துப் பைன் காட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டாள். சிவந்த பாறை. அதில் வெள்ளையாக ஒரு காளை. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ வரைந்ததாம். யார் கை அது? யார் பார்ப்பதற்காக?

"மீனா, ஷூவைக் கழட்டுடி!" — கத்தியேவிட்டேன்.

"அமே! இது கோயில் இல்ல. தரை ஐஸா இருக்கு."

"இருக்கட்டும். அவ்வளவு பழசுக்கு முன்னால செருப்போடவா நிப்பே?"

பாப்லோ என்னவென்று கேட்டார். அவள் சொன்னாள். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கட்டும், என் பதில் சுலபமாகும் என்றும் நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸையும் உருவினார். சாக்ஸ் பற்றி யாருமே சொல்லவில்லையே! இங்கே பகோடாவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். வெறுங்காலோடு காளை முன்னால் போய் நின்றார். மெல்ல ஏதோ சொன்னார்.

"சின்ன வயசுலேர்ந்து இங்க வர்றாராம், அமே. இது தனக்குத் தோணவே இல்லையேங்கிறார்" என்றாள் மீனா. அவளும் ஷூவைக் கழற்றினாள்.

டோ கின் என் விலாவில் இடித்தார். "மாப்பிள்ளைக்குக் கால் விறைக்குது. சீக்கிரம் சொல்லித் தொலை!"

"சரி" என்றேன்.

"எதுக்குச் சரி? ஷூ போட்டுக்கிறதுக்கா?"

"எல்லாத்துக்குந்தான்."

அந்தக் காளைக்கு என்ன வயது, ஆற்றுக்கு என்ன பெயர் — மீனா சொன்னாள், மறந்துவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.

சாக்ஸ் விஷயத்தை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அதை என் கண்ணால் பார்த்தேன்.