காலி என்று எழுதினேன்

மரக்காணம் கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் முதல் பிரதி கோணலாக வந்தது. தாளின் மேல்பக்கம் இரண்டு விரற்கடை அளவுக்கு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. கடைக்காரர் அதைக் கூடையில் எறிந்துவிட்டு, வரைபடத்தை நேராக வைத்து இன்னொன்று எடுத்துக் கொடுத்தார். நல்லதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். சுனாமி வந்துபோன அடுத்த கோடை அது.

வரைபடத்தை வரைந்தவன் நான்தான். எங்கள் ஊர் உப்புப் பாத்திகளை ஒட்டி, நஷ்டத்தில் மூடிப்போன இறால் பண்ணை ஒன்று இருந்தது. அதன் உள்கரைகளை இடித்துச் சமப்படுத்தி, கிராவல் கொட்டி, ஓர் ஓடுபாதை போட்டிருந்தார்கள். ஒரு தகரக் கொட்டகை, ஓர் ஆபீஸ் அறை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டக் கம்பத்தில் ஓர் ஆரஞ்சு நிறத் துணிக்குழாய். அந்தத் துணிக்கு ஊரில் வைத்த பெயர் பாவாடை. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்கள் இரண்டு இருந்தன. அவற்றுக்கு வைத்த பெயர் கொசு. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பறக்கக் கற்றுக்கொடுத்தார். கேப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். சென்னைக் கல்லூரிப் பிள்ளைகளும், ஆரோவில்லில் இருந்து மோட்டார் சைக்கிளில் வரும் வெள்ளைக்காரர்களும் கற்றுக்கொள்ள வந்தார்கள். நான் பி.எஸ்சி. முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ரேடியோவில் பேசுவதும், யார் எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார் என்று எழுதிவைப்பதும் என் வேலை.

விமானம் பறக்காத நேரத்தில் அந்த இடம் ஊருக்குச் சொந்தம். கொட்டகை முன்னால் இருந்த சிமெண்ட் தரையில் கருவாடு காயும். சாயங்காலம் ஓடுபாதையில் கிரிக்கெட் நடக்கும். கேப்டன் முதலில் சத்தம் போடுவார், பிறகு அவரே இரண்டு ஓவர் பந்து போடுவார். இவ்வளவு பழக்கம் இருந்தும் ஊரில் யாரும் அவரை நம்பவில்லை. காரணம், விமானம் எங்கேயும் போகாததுதான். ஏறும், பாத்திகளுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றும், இறங்கும், மறுபடி ஏறும். ஏறவும் இறங்கவும் பழகுகிறவர்கள் அப்படித்தான் சுற்றவேண்டும். அதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். உப்புக்கூடை சுமக்கும் அத்தை ஒருத்தி இருந்தாள். எனக்கு உறவில்லை, ஊருக்கே அத்தை. அவள் சொன்னாள்: “பஸ்ஸுன்னா திண்டிவனம் போவுது, பாண்டிச்சேரி போவுது. இது நம்ம தலைக்கு மேலயே சுத்துது. எதையோ அளக்குதுடா.”

அந்தக் கோடையில் அளப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு வாரம் ஒரு வண்டி வந்தது. கடலோரத்தில் இருக்கிறவர்களை எல்லாம் காலி பண்ணப் போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் காலி என்ற சொல்லைக் கேட்காமல் ஒருவரும் டீ குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாது.

அதே சொல்லைத்தான் நான் வரைபடத்தில் எழுதியிருந்தேன்.

பறக்கும்போது இன்ஜின் நின்றுவிட்டால் விமானம் உடனே விழுந்துவிடாது. சறுக்கிக்கொண்டு வரும். அதற்குள் கீழே இறங்க ஓர் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு புறம் சவுக்குத்தோப்பு, ஒரு புறம் கடல், நடுவில் பாத்திகள். சுனாமி கொண்டுவந்த சேறு படிந்து பல பாத்திகளில் அந்த வருஷம் உப்பு எடுக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெளுப்பு. சிலது கெட்டித் தரை. சிலது மேலே மட்டும் காய்ந்து உள்ளே கொழகொழவென்று இருக்கும். எது எது என்று எழுதித் தரமுடியுமா என்று கேப்டன் கேட்டார். மூன்று நாள் வரப்பு வரப்பாக நடந்து, ஒவ்வொரு பாத்தியிலும் இறங்கிக் குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் இருந்தால் தண்ணி, உள்ளே ஈரம் இருந்தால் சேறு, கெட்டியாக இருந்தால் காலி. தண்ணீர் இல்லாத பாத்தியை எங்கள் ஊரில் வேறெப்படிச் சொல்வார்கள்? தாளின் உச்சியில், ‘இன்ஜின் நின்றால் இறங்கத்தக்க பாத்திகள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் போட்டேன். கோணல் பிரதியில் வெட்டுப்பட்டுப் போனது அந்தத் தலைப்புதான்.

பிரதி எடுத்து நான்கு நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தார். விடியும் முன்னே பாத்திக்குப் போகிறவர் பதினொரு மணிக்கு முன் வந்து நான் பார்த்ததில்லை. உப்பு வாரும் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு என்னைக் கையால் காட்டினார். அன்று குழாயடியில் அம்மாவிடம் ஒருத்தி கேட்டிருக்கிறாள், எங்களையெல்லாம் காலி பண்ணிவிட்டு உன் பையன் உனக்கு மட்டும் ஏரோப்ளேனில் வீடு கட்டித் தரப்போகிறானா என்று. அம்மா பாதிக் குடத்தோடு வந்துவிட்டாள்.

மேஸ்திரி பாத்தி வேலைக்கு ஆள் சேர்க்கிறவர். உப்புக் கொட்டகை நிழலில் செட்டு ஆட்களோடு இருந்தார். மடியிலிருந்து எடுத்து விரித்த தாளில் பஜ்ஜி எண்ணெய் படிந்திருந்தது. ஜெராக்ஸ் கடைக் குப்பை டீக்கடைக்குப் போய், அங்கே அதிலேயே அவருக்குப் பஜ்ஜி மடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

“இது யாரு எழுத்து?”

என் எழுத்துதான் என்றேன்.

“கோணப் பாத்தி காலி. புளியமரத்துப் பாத்தி காலி. வாய்க்கா பாத்தி காலி. எந்தத் தேதில காலி பண்றாங்கன்னு எழுதாம வுட்டுட்டியே.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜின், சறுக்கல், குதிகால், சேறு எதையும் விடவில்லை. கடைசியில் தலைப்போடு இருந்த நல்ல பிரதியை எடுத்து நீட்டினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருப்பது ஏன் மற்றதில் இல்லை என்று கேட்டார். நேற்று சேர்த்து எழுதியதாக இருக்கும் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

“எழுதனதும் நீ, அர்த்தம் சொல்றதும் நீ,” என்றார் மேஸ்திரி. “அப்புறம் நாங்க எதுக்குப்பா?”

அன்றிலிருந்து எனக்குள்ளேயே ஒரு புழு குடையத் தொடங்கியது. அந்த வாரம் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய இரண்டு பேர் சுருட்டிய காகிதங்களோடு கேப்டன் அறைக்குள் போனார்கள். பிறகு மூவரும் கரைமேல் நின்று பாத்திகள் பக்கம் கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள். காற்று என் பக்கமிருந்து அடித்ததால் ஒன்றும் கேட்கவில்லை. யார் சார் அவர்கள் என்று கேப்டனிடம் கேட்டேன். கொட்டகைக்கு இன்ஷூரன்ஸ் போட வந்தவர்கள் என்றார். கொட்டகைக்கு இன்ஷூரன்ஸ் போடுகிறவர்கள் பாத்தியை ஏன் பார்க்கவேண்டும்? கேட்க வாய் வரவில்லை. அவர் என்னைப் பாத்தி பாத்தியாக நடக்கவிட்டது நிஜமாகவே இன்ஜினுக்காகத்தானா? நல்ல மனிதர், டீ குடித்தால் எனக்கும் சேர்த்துச் சொல்கிறவர். அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். எனக்கு ஏன் டீ?

வழி சொன்னது அத்தைதான். உப்புக் கொட்டகையில் என்னை வைத்துக்கொண்டே சொன்னாள்.

“தண்ணி வுட்டுப் பாத்துடலாம். நெலம் புடிக்க வந்தவனுக்கு தண்ணி இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா. ஒண்ணும் கேக்க மாட்டான். இவன் சொல்றது நெசம்னா காலைல அந்தக் கேப்டன் ஓடியாருவான்.”

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். “நீ அங்க போயி வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தன்னா உங்கப்பன் இந்த வரப்புல இனிமே கால் வெக்க வேணாம்.”

பொழுது சாயும்போது, கால்வாயில் தண்ணீர் ஏறியிருந்த நேரம் பார்த்து மடைகளைத் திறந்தார்கள். அப்பாவும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, கோணப் பாத்தி மடையை முதலில் வெட்டிவிட்டவர் அவர்தான். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒரு மாணவி முதல்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டும். இரண்டு மாதமாகப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த சென்னைப் பெண். நாளைக்கு முதல் சுற்றே நீ தனியாகத்தான் என்று முந்தின நாளே கேப்டன் சொல்லியிருந்தார். ரேடியோ அறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். நான் காலி என்று எழுதிய ஐந்தும் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், வரப்பின்மேல் மேஸ்திரி பீடி பிடித்தபடி குந்தியிருந்தார். அவர் விமானத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்தப் பெண் விமானத்தின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் எதற்கு நிற்கப்போகிறது, இதுவரை ஒரு நாளும் நின்றதில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள். நான் வெளியே நடந்தேன்.

“மேடம், ஏறாதீங்க. எல்லாப் பாத்தியிலயும் தண்ணி வுட்டுட்டாங்க. கீழ எறங்க எடமில்ல.”

கேப்டன் கொட்டகைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் போகவில்லை. கரைமேல் ஏறிப் பார்த்தாள். பிறகு நேரே வேலியைத் தாண்டி மேஸ்திரியிடம் போனாள். நான் பின்னால் ஓடினேன். அத்தையும் இன்னும் நாலைந்து பேரும் கூடைகளை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

யார் தண்ணீர் விட்டது என்று அவள் கேட்டாள். இவன் சொல்லித்தானே வந்தாய் என்றார் மேஸ்திரி. ஆமாம் என்றாள். அவ்வளவுதான், அப்பாவின் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அத்தை என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவள் முன்னால் போய் நின்றாள்.

“அவன் பேச வேணாம், நீ சொல்லு. காலின்னு எழுதிக்கிறானே, அது எதுக்கு?”

“இன்ஜின் நின்னுட்டா நான் சாகாம இறங்குற இடம்.” அவள் பாத்திகளை ஒவ்வொன்றாகக் கையால் காட்டினாள். “அஞ்சு இடம் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். கோணப் பாத்தி, வாய்க்கால் பாத்தி, புலியமரத்துப் பாத்தி, நடுப் பாத்தி, கடைசிப் பாத்தி. இன்னிக்கு ஒண்ணு கூட இல்ல. நான் எங்க போய் இறங்குவேன்?”

எங்கள் பாத்திகளின் பெயரை வெளியூர்க்காரர் ஒருவர் வாயால் அதுவரை நாங்கள் கேட்டதில்லை.

“புலி இல்லடி, புளி,” என்றாள் அத்தை. “புலி எங்க இருக்குது இங்க?” பிறகு மேஸ்திரியைப் பார்த்து, “வெட்டி வுடச் சொல்லுப்பா தண்ணிய,” என்றாள்.

மேஸ்திரி பீடியை வரப்பில் தேய்த்து அணைத்தார். நம்பினாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. கேப்டன் வந்து கத்தியபோது எழுந்து மடைப் பக்கம் நடந்தார். அன்றே மூன்று பாத்திகளில் தண்ணீரை வடித்துவிட்டார்கள். காய்ந்து இறுக ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண் தனியாகப் பறக்கவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பாவிடம், நாளைக்கு வந்துவிடு என்றார். என்னிடம் வரைபடத்தைக் கேட்டார். மூலத்தையும் பிரதியையும் கொடுத்தேன். இனிமேல் எங்கள் பாத்தியைப் பற்றி எதையும் தாளில் எழுதாதே, எது காய்ந்திருக்கிறது என்று காலையில் வந்து கேள், வாயால் சொல்கிறோம், நீயும் வாயால் சொல் என்றார். அந்த ஜீப் யாருடையது என்றும் கேட்டார். இன்ஷூரன்ஸ்காரர்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அவர் போன பிறகு அப்பா பலகையை எடுத்து, அதன் விளிம்பில் ஒட்டியிருந்த பழைய உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நீங்களே ஏன் மடையை வெட்டினீர்கள், என்னை நம்பவில்லையா என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணு வந்து பேசலன்னா நம்பியிருக்க மாட்டேன்,” என்றார். “நீ எழுதனத எனக்குப் படிக்கத் தெரியுமா, சொல்லு.”